‘அவ மூஞ்சியக் காட்டுங்கடா!’

கேள்வி: அம்மாப்பேட்டைப் பெண் நான், வயது 34. சென்னையில் ஒரு செய்திச் சேனலில் ஒன்பது வருடமாகச் செய்தி வாசிக்கிறேன். இரவு 8 மணிச் செய்தியிலிருந்து தூக்கி என்னைக் காலை 6 மணிக்குப் போட்டுவிட்டார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காடு மண்சரிவுச் செய்தியில் ‘மழை’யை இரண்டு தடவை ‘மலை’ என்று வாசித்துவிட்டேன். அதைத்தான் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள். அப்பா மட்டும் அன்றைக்கும் ‘நல்லா வாசிச்ச கண்ணு’ என்றார். விசைத்தறி ஓட்டியவர், சின்ன வயதில் தினமும் பேப்பர் வாசிக்கவைத்து என் ழ, ள-வைத் திருத்தியவர். இன்றைக்கும் என் செய்தி ஒன்றையும் விடுவதில்லை. என் முகம் மறைந்து காட்சிகள் ஓட ஆரம்பித்தால் ‘அவ மூஞ்சியக் காட்டுங்கடா’ என்று டிவியைத் திட்டுவாராம். தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இப்போது ஏஐ வாசிப்பாளர்கள் வேறு வந்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: நானும் சேலத்துக்காரிதான், செவ்வாய்ப்பேட்டை. உன் அம்மா வயது இருக்கும். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் தம்பி எதற்குச் சிரிக்கிறான்?

பாசத்தில் திட்டுகிறார் என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உன் கடிதத்தை மறுபடி நீயே வாசித்துப் பார். மகளின் ழகரத்தைத் திருத்தித் திருத்தி வளர்த்த மனுஷன், ஊரே கவனித்த பிழையைக் கேட்டுவிட்டு ‘நல்லா வாசிச்ச’ என்கிறார். அவர் அதைக் கேட்கவே இல்லை, அம்மா. உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று ‘மழை’, ‘மலை’ இரண்டையும் சொல்லிப் பார். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் உள்ளே நாக்கில். காட்சி ஓடும்போது உதடும் போய்விடுகிறது. பிறகு அவருக்கு என்ன மிச்சம்? இரைச்சல். அதனால்தான் திட்டுகிறார்.

டெல்லியிலிருந்து ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி’ என்று ஆகாசவாணியில் வந்த குரலை, முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. காதாலேயே செய்தி கேட்டுப் பழகியவர் இன்றைக்கு முகத்தைக் காட்டு என்று கேட்கிறார். செய்தி வாசிப்பதே தொழிலாக இருக்கும் உனக்கு இது உறைக்கவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் என் அண்ணனும் தறிக்காரர். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போகும். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அதிலேயே வருடக்கணக்கில் நின்றால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. அண்ணன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். வயதாகி மனுஷன் தணிந்துவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மடத்தனம். இப்படிப் போன காது திரும்பாது. கருவி போட்டால் ஓரளவு கேட்கும், அதுவும் தள்ளிப்போடாமல் போட்டால்.

இத்தனை நீளக் கடிதத்தில் கடைசியாக எப்போது சேலம் வந்தாய் என்று ஒரு வரி இல்லை. மாதம் பிறந்தால் பணம் அனுப்புவாய், தெரியும். பெற்றவருக்குப் பணம் அனுப்புவது பிள்ளையின் கடமையில் பாதிகூடத் தேறாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் உனக்கே விளங்கியிருக்கும்.

சரி, வேலை. 8 மணி உசத்தி, 6 மணி மட்டம் என்பது விளம்பரக்காரர் கணக்கு. பிழை உன்னுடையது, அதைத் திருத்திக்கொள். ஏஐ-க்குப் பயந்து யாரும் முன்கூட்டியே ராஜினாமா எழுத வேண்டாம்; தூர்தர்ஷனின் விவசாயச் சேனல் டிடி கிசான் 2024-லேயே இரண்டு ஏஐ வாசிப்பாளர்களை உட்கார வைத்துவிட்டது, அதற்கப்புறமும் உனக்குச் சம்பளம் வந்துகொண்டுதானே இருக்கிறது? இந்தப் பேச்சு இப்போதைக்குப் போதும்.

இந்த வாரமே இரண்டு நாள் லீவு சொல். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சேலம். அப்பாவையும், சிரித்தானே அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போ. காது மூக்கு தொண்டைப் பிரிவில் சீட்டு வாங்கு. எத்தனை வருடம் தறி ஓட்டினார் என்பதை டாக்டரிடம் நீயே சொல். அவர் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி அவருக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய பேப்பரை நிதானமாக வாசி.

வேலையை விடலாமா என்று அப்புறம் எழுது. காதுப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதை முதல் வரியில் எழுது.