வெயிலில் சம்பா அரிசி வேகுமா?

குமரி மாவட்டம் திங்கள்சந்தையில் மகளிர் குழுக் கூட்டத்துக்கு என் சூரிய அடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அன்று பாதிக் கேள்விக்குத்தான் நேரம் கிடைத்தது. மிச்சத்துக்குப் பதில் இங்கே.

குலசேகரம் அக்கா: எங்க வீட்டில் சம்பா அரிசிதான். விறகிலேயே லேசில் வேகாது. வெயிலில் வேகுமா அண்ணே?

வேகும் அக்கா. உள்ளே கறுப்புத் தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இவ்வளவுதான் பெட்டி. நல்ல வெயிலில் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டும். ராத்திரியே அரிசியை ஊறப்போட்டு, கறுப்பு பூசிய பாத்திரத்தில் காலை 10 மணிக்கு வைத்தால் ஒரு மணிவாக்கில் சோறு. கஞ்சி வடிக்கிற வேலை இல்லை, ஆவியும் அதிகம் போகாது. அதனால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். நான் முதல் நாள் பழக்கதோஷத்தில் உலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டு, மத்தியானம் கூழ்தான் குடித்தேன். அப்புறம், நடுவில் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். திறக்காதீர்கள், சேர்ந்த சூடெல்லாம் போய்விடும்.

குளச்சல் அக்கா: மீன் குழம்பு?

அருமையாக வரும். தாளிப்பை மட்டும் கேஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடுகு பொரியும் அளவுக்கு இதில் எண்ணெய் காயாது. உப்புக்காற்றில் முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும், ஓரம் முழுக்க பெயின்ட் அடித்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு)?

இதில் வேண்டாம். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் அதிலுள்ள சயனைடு நஞ்சு போகும்.

நாகர்கோவில் சார்: பெட்டியைத் தெற்கே பார்த்து வைக்கச் சொல்கிறார்களே?

வட இந்தியாவுக்குச் சரி, சார். நாம் இருப்பது ஏறக்குறைய 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மாடியில் ஒரு குச்சியை நட்டு, பன்னிரண்டே காலுக்குப் போய்ப் பாருங்கள். நிழல் தெற்கே விழுந்தால் பெட்டி வடக்கே பார்க்கட்டும்.

ஆரல்வாய்மொழி அண்ணன்: பெரிய டிஷ் அடுப்பு வாங்கலாமா?

கிண்ணம் மாதிரி வளைந்து வெயிலை ஒரே இடத்தில் குவிக்கிற அடுப்பு அது, அதில் பொரிக்கவே செய்யலாம். ஆனால் கால் மணிக்கு ஒருதரம் வெயிலுக்குத் திருப்பணும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடணும். அதுவும் உங்க ஊரிலா! பக்கத்து முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றுகிற காற்று டிஷ்ஷைச் சும்மா விடுமா? பெட்டியே போதும் அண்ணே.

அருமனை பாட்டி: ரப்பர் விறகு சும்மா கிடக்கு. எதுக்கு மக்களே இந்த மெனக்கேடு?

விறகு சும்மாதான் பாட்டி, புகையில் உட்காருவது நீங்களல்லவா? வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விறகை அடியோடு விடச் சொல்லவில்லை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டும் நமக்கு உண்டு. அந்த நாளெல்லாம் பெட்டி மூலையில்தான் கிடக்கும். வெயிலடிக்கிற நாளில் சோறு, கடலை, பயறு மாதிரி நின்று வேகிறதை மட்டும் மாடிக்கு ஏற்றுங்கள்.

திருவட்டாறு அக்கா: எங்க வீட்டைச் சுற்றி ஒரே தென்னை நிழல்.

அப்போ வாங்காதீர்கள் அக்கா. 10 மணியிலிருந்து 2 மணி வரை நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் நாலு பாத்திரம் வைக்கலாம், இரண்டு அவர்களுக்கு.