நன்றிக்குத் தனி நோட்டு

தற்சார்பு வாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

பழனி மலையில் நிலம் வாங்கி, கூடுமானவரை தங்கள் தேவையைத் தாங்களே விளைவித்துக்கொள்ளும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. இம்முறை பயிரைவிடப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தாண்டிக்குடி அருகே எட்டுக் குடும்பங்கள் இருக்கிறோம். காபி, மிளகு, வாழை, மாடு, தேனீ எல்லாம் உண்டு. விதை, கருவி, உடலுழைப்பு மூன்றையும் பகிர்ந்துகொள்கிறோம். ஆரம்பத்தில் இருந்த பிரியம் இப்போது இல்லை. "நான் செய்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை" என்று எல்லோருமே சொல்கிறார்கள். மாதக் கூட்டத்தில் நன்றி சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஆனால் முதலில் கணக்கைச் சரிசெய்யுங்கள். எட்டு வீட்டிலும் ஒரே குறை என்றால், யாருக்கு எத்தனை ஆள் வேலை பாக்கி என்பது யாருக்குமே தெரியவில்லை என்று பொருள். பாக்கியை வைத்துக்கொண்டு சொல்லும் நன்றி, கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் விண்ணப்பமாகத்தான் கேட்பவர் காதில் விழும்.

ஆகவே இரண்டு நோட்டு வாங்குங்கள். முதல் நோட்டு ஆள்மாற்று வேலைக்கு. தேதி, யார் தோட்டம், யார் வந்தார், முழு நாளா அரை நாளா – இவ்வளவு போதும்; ரூபாய் எழுத வேண்டாம். குழி வெட்டிய நாள், களை எடுத்த நாள், வந்தவர்களுக்குச் சமைத்த நாள் மூன்றுக்கும் ஒரே அளவு. பல குழுக்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. கடப்பாரை பிடித்தவருக்கு ஒரு நாள் வரவு, பதினைந்து பேருக்குப் பொங்கிப் போட்டவருக்குப் பூஜ்யம் என்றால் அடுத்த வருடம் அடுப்படியில் யாரும் இருக்க மாட்டார்கள். காபிப் பழம் பறித்து முடிந்து மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை பாக்கியை நேர் செய்யுங்கள். ஐந்து ஆளுக்கு மேல் நிற்பதை உள்ளூர்க் கூலிக்குப் பணமாகக் கொடுத்து முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது நோட்டு நன்றிக்கு. அதில் எண்ணே வரக் கூடாது. மொய் நோட்டில் ஏறியவுடன் அன்பளிப்பு திருப்பிச் செய்ய வேண்டிய தொகையாகிவிடுவது நமக்குத் தெரியாததா? அந்தக் கதி இதற்கும் வரக் கூடாது என்பதால்தான் தனி நோட்டு.

எழுதும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன செய்தார், அதற்கு அவர் பட்ட பாடு என்ன, அதனால் என்ன நடந்தது. "எல்லோருக்கும் உதவியாக இருந்தார்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாதது போலத்தான். "கார்த்திகை மழையில் ஓடைவரை ஏறிப் போய்க் குழாய் முகப்பில் அடைத்திருந்த இலையை எடுத்துவிட்டார். வழி முழுக்க அட்டை. அன்று மாலையே கீழே எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்தது" – இப்படி எழுதுங்கள். இந்த மூன்றில் நடுவில் உள்ளதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனக்குக் கிடைத்த பயனை மட்டும் சொல்வதைவிட, செய்தவரின் செயலைப் பாராட்டிச் சொல்லும் நன்றிதான் அவர் மனதைத் தொடுகிறது என்று சாரா ஆல்கோவும் அவரது குழுவினரும் 2016-இல் வெளியிட்ட தம்பதியர் ஆய்வு சொல்கிறது.

கூட்டத்தின் வரிசையும் முக்கியம். கணக்கு, குறை, நன்றி, சாப்பாடு. நன்றிக்குப் பின் குறையை வைத்தால், முன்னால் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் கசாயத்துக்கு முன் கொடுத்த வெல்லம் ஆகிவிடும். நன்றிக்கு மொத்தம் இருபது நிமிடம், ஆளுக்கு இரண்டு நிமிடம். உங்கள் பக்கம் யானை நடமாட்டம் உள்ளதால் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வீடு திரும்பும்படி முடித்துவிடுங்கள். கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர்கள் இருந்தால் ஞாயிறு வேண்டாம்.

இரண்டு கோளாறுகள் கட்டாயம் வரும். முதலாவது, கண்ணில் படும் வேலை செய்கிற இரண்டு மூன்று பேரின் பெயரே திரும்பத் திரும்ப வருவது. மற்றவர்கள் மூன்றாம் மாதமே கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார்கள். இதற்குச் சீட்டுக் குலுக்குங்கள். கூட்ட முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பெயர் எடுத்துக்கொண்டு, அந்த மாதம் முழுக்க அவர் செய்வதைக் கவனித்து, அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே யார் கண்ணிலும் படாத வேலைகளின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள்: குழாய் பார்ப்பது, காட்டுமாடும் பன்றியும் வராமல் இரவுக் காவல் இருப்பது, கணக்கு எழுதுவது, வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மழையில் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுவது. பட்டியல் கண்ணெதிரே இருந்தால் பேசுகிறவருக்கும் நினைவு வரும்.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். "சிலரைப் போல இல்லாமல், இவர் சொன்ன நேரத்துக்கு வந்தார்" என்று ஒருவருக்கு நன்றி சொல்லும் சாக்கில் இன்னொருவரைக் குத்துவது. கூட்டம் நடத்துபவர் அந்த வாக்கியம் முடியும் முன்பே நிறுத்த வேண்டும். மரியாதை பார்த்து ஒரு முறை விட்டுவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மை போடுவதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: பண்ணைக்காட்டில் எங்கள் குழுவில் பாதிப் பேர் உறவினர்கள். மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் நன்றி சொன்னால் "என்னப்பா, அந்நியமாப் பேசுற?" என்கிறார்கள். இதெல்லாம் தேவையா?

நன்றி என்று வாயால் சொல்லத் தேவையில்லை. "மாமா, அன்னைக்கு ராத்திரி நீங்க வரலேன்னா கன்னுக்குட்டி பிழைச்சிருக்காது" என்றால் போதும். யாரும் அந்நியம் என்று சொல்ல மாட்டார்கள். குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்பாத வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே கருவிக்கும் உழைப்புக்கும் நீட்டினால் சரி.

தேவையா என்று கேட்டதற்கு ஒரு தகவல். ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பினார்கள்; மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் பதில். மறுபடி உதவி கேட்டபோது, நன்றி பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் செய்தார்கள். மற்றவர்களில் 32 சதவீதம். இன்னொரு சோதனையில், முன்பின் தெரியாத வேறொருவர் கேட்டபோதும் 55 சதவீதத்துக்கு 25 சதவீதம் என்று வித்தியாசம் இருந்தது. அதாவது நீங்கள் ஒருவருக்குச் சொன்ன நல்ல வார்த்தையின் பலன், அடுத்து அவரிடம் உதவி கேட்டுப் போகும் மூன்றாவது வீட்டுக்காரருக்கும் கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவுக்குப் பொதுவாக ஒரு களைவெட்டும் இயந்திரமும் இரண்டு தெளிப்பான்களும் இருக்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் நன்றி சொல்லித்தான் திருப்பித் தருகிறார்கள். ஆனால் அடுத்தவர் எடுக்கும்போது ஓடுவதில்லை. – பெரும்பாறை வாசகி

இரவல் வாங்கிய கருவிக்கு நன்றி என்பது அது திரும்பி வரும் நிலைதான், அம்மா. அதை விதியாகவே எழுதி வையுங்கள்.

முதலில் இயந்திரம் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று டேங்க் மேல் பெயின்டால் பெரிதாக எழுதுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரே ஓட்டத்தில் இன்ஜின் போய்விடும். கலவை விகிதத்தையும் அதிலேயே எழுதுங்கள். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல்தான், ஆயில் தனி. ஆயில் அளவைச் சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் சரிவில் வைத்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும்.

திருப்பித் தருமுன் டேங்கில் மிச்சமுள்ளதை வடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மலை மூடுபனியில் சில வாரம் கார்புரேட்டரில் தங்கினால் பிசுபிசுத்து, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். "அடுத்தவர் எடுக்கும்போது ஓடுவதில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, புது நைலான் நரம்பு சுற்றிக் கொடுங்கள். எடுத்த அளவு பெட்ரோலைத் தனி கேனில் கொடுப்பது மரியாதை.

தெளிப்பானில் ஒன்றைக் களைக்கொல்லி அடிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கே விட்டுவிடுங்கள். பொதுவில் வைக்க வேண்டாம். 2,4-டி என்ற களைக்கொல்லியின் எச்சம் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த தோட்டத்துப் பீன்ஸும் தக்காளியும் இலை சுருண்டுவிடும். மற்றதை மூன்று முறை கழுவி, நாசிலைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் ஓடைப் பக்கம் போகக் கூடாது.

கடைசியாக, கருவியில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். அதில் நன்றி என்று எழுதுவதைவிட "கயிறு நாலு தடவை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, பிளக்கைப் பாருங்கள்" என்று எழுதுவது பயன். கோளாறை மறைத்துத் திருப்பித் தருகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நன்றி கெட்டவர்தான்.

கேள்வி: நன்றிக்கு அடையாளமாக விளைந்ததைக் கொடுக்கிறோம். ஆனால் சௌசௌ காய்க்கும் காலத்தில் எல்லோர் வாசலிலும் மூட்டை நிற்கிறது. யாருக்கும் சந்தோஷம் இல்லை.

இருக்காது. தனக்கு மிஞ்சியதைத் தள்ளிவிடுவதும் நன்றிக்குக் கொடுப்பதும் வேறு என்று வாங்குகிறவருக்குத் தெரியும். மிஞ்சியதற்குப் பொது இடத்தில் ஒரு கூடை வையுங்கள். வேண்டியவர்கள் எடுக்கட்டும், மீதி மாட்டுக்கு. சௌசௌவைத்தான் கொடுக்க வேண்டுமென்றால், முளைவிட்ட நல்ல காய் இரண்டு கொடுங்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு அது விதை. வெட்டாமல் முழுக் காயாகவே நட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பட்டர் புரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகே பழுக்கும். பறித்த தேதியை எழுதிக் கொடுத்தால் வாங்கியவர் கல் போன்ற காயை அறுத்து ஏமாற மாட்டார். தேன் என்றால் மெழுகு மூடிய அறைகளிலிருந்து மட்டும் எடுங்கள். மூடாத அறைத் தேனில் ஈரம் அதிகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் புளித்துப் பொங்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டில், குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். தேனில் உள்ள நுண்ணுயிர் விதைகள் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

பிளம்ஸ் ஜாம் பாட்டிலைக் கொதிநீரில் கிருமி நீக்க, கடல் மட்டத்தில் 10 நிமிடம். மேலே போகப் போக தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரிதான். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கொடைக்கானலில் 17 நிமிடம் ஆகும். சமவெளிக் குறிப்பைப் பார்த்துச் செய்த ஜாமில் பூஞ்சை பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்களிடம் வேலைக்கு வருபவர்களை வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் நடத்துகிறோம். பொங்கலுக்குத் துணி, இனிப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் நிற்பதில்லை.

சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே போகிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பொங்கல் துணி கூலிக்கு மேல் கொடுப்பது, கூலிக்குப் பதில் கொடுப்பதல்ல. வீட்டுப் பிள்ளை என்ற பேச்சு பெரும்பாலும் சம்பளம் தள்ளிப்போகும் இடத்தில்தான் கேட்கிறது.

கேள்வி: பூம்பாறையில் ஊர்க்காரர் ஒருவர் விதைப்பூண்டு கொடுத்து, கட்டிக் காயவைக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். தேன், கிழங்கு பற்றிப் பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் நிறையச் சொன்னார். பணம் வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

விதையை விதையாகவே திருப்புங்கள். அடுத்த அறுவடையில் வாங்கியதைவிடக் கூடுதலாக, பெரிய, கெட்டியான பூண்டாகப் பொறுக்கிக் கொடுங்கள். பல்லை உடைக்காமல் முழுப் பூண்டாகக் கொடுத்தால் நடவு வரை தாங்கும். அழுகலோ பூஞ்சையோ தெரிந்தால் கொடுக்காதீர்கள். நோய் விதைப்பூண்டோடு சேர்ந்தே போகும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமவெளிப் பூண்டை அந்தப் பெயரில் விற்காமல் இருப்பது அந்த ஊருக்கே நீங்கள் காட்டும் நன்றி.

பெரியவர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சொல்லிக் கொடுத்ததற்குப் பணம் வேண்டாம் என்றாலும், அவர் எடுத்துவரும் தேனைப் பேரம் பேசாமல் வாங்கலாமே. காட்டில் தேன், கிழங்கு போன்ற சிறு வன மகசூல் எடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களைப் போன்ற வனவாசிகளுக்கு அளிக்கிறது, நமக்கல்ல. அவர் காட்டிய இடத்துக்கு நாமே போய் எடுப்பது கொடுத்த கையைக் கடிப்பதற்குச் சமம். அவர் படத்தையும், செடி இருக்கும் இடத்தையும் அவரைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். பழைய துணி கொண்டுபோய்க் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளை நன்றி சொல்லப் பழக்குவது எப்படி?

எல்லோர் முன்னாலும் "சொல்லு, சொல்லு" என்று தள்ளாதீர்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு ஓடிவிடும். ஆறு வயதுக்கு மேல் என்றால் வேலை கொடுங்கள். பால் கொண்டுவந்த அத்தையின் தூக்குவாளியைக் கழுவி, தோட்டத்தில் தானே பறித்த நாலு பீன்ஸ் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.