சஃபாரி பறவைப் படங்களுக்கு வருடப் பட்டியல்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை குடும்பத்தோடு க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய்விடுவோம். சிங்கம், சிறுத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது, இப்போது பறவைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வருகிற ஜனவரி 1 முதல், நான் படம் எடுத்த பறவைகளை மட்டும் வைத்து ஒரு வருடப் பட்டியல் போட ஆசை. மங்கலான படத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? எதில், எப்படி எழுதி வைப்பது? ஏற்கனவே ஹார்ட் டிஸ்கில் பெயர் இல்லாமல் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களை என்ன செய்வது?

பதில்: மங்கலான படத்திலிருந்தே தொடங்குகிறேன், மற்ற கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. தாராளமாகச் சேர்க்கலாம். படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அந்தப் படத்தை மட்டும் வைத்து இன்னொருவர் இது இன்ன பறவைதான் என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் தலை பாதி மரக்கிளைக்குப் பின்னால் இருந்தாலும் அது கணக்கில் உண்டு. முடியாது என்றால் மாலை வெயிலில் கண்ணில் ஒளிப்புள்ளி மின்னுகிற மாதிரி எடுத்திருந்தாலும் சுவரில்தான் மாட்ட வேண்டும், பட்டியலில் இடம் இல்லை.

ஓர் உதாரணம். க்ரூகரில் பட்ட மரத்து உச்சியில் கன்னங்கரேலென்று ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். நம் ஊர்க் கரிச்சானைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே இரட்டைவால் குருவி, அதாவது ஃபோர்க் டெய்ல்ட் ட்ராங்கோ. பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதே காட்டில் சதர்ன் பிளாக் ஃப்ளைகேட்சர் என்று ஒரு கறுப்பு ஈப்பிடிப்பானும் இருக்கிறது, அளவும் நிறமும் கிட்டத்தட்ட அதேதான். ட்ராங்கோவுக்கு வால் நன்றாகப் பிளந்திருக்கும், கண் சிவப்பு. ஈப்பிடிப்பானுக்கு வால் நுனி ஏறக்குறைய நேர்வெட்டு, கண் கரும்பழுப்பு. முகத்தை மட்டும் இழுத்துப் பிடித்து வாலைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டீர்கள், கண்ணும் நிழலில் கறுத்துவிட்டது என்றால் எவ்வளவு துல்லியமான படமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் பறவையைப் பார்த்ததும் முதலில் முழு உடலும் வருகிற மாதிரி ஒரு சாட்சிப் படம் எடுத்துவிடுங்கள், எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை. அப்புறம் கிட்டே போவது, வெளிச்சம் பார்ப்பது, என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் மணல் மூட்டையோ பருப்புப் பையோ வைத்து லென்ஸை ஊன்றுவது எல்லாம். பறக்கும்போது அடியிலிருந்து ஒன்று கிடைத்தால் கழுகு வகைகளுக்குப் பெரிய உதவி. என் முதல் வருடத்தில், கூட வந்த வழிகாட்டி சொன்னதை அப்படியே நம்பி ஒரு கழுகை டானி ஈகிள் என்று எழுதிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கால் முழுக்க இறகே இல்லாமல் வெளுப்பாக இருக்கிறது, கண் பளிச்சென்று மஞ்சள். பழுப்புப் பாம்புக்கழுகு! டானி என்றால் கால்சட்டை போட்ட மாதிரி விரல்வரை இறகு இருக்கும். பின்னணியில் கிளையும் குறுக்கே முள்ளுமாக நான் அழித்துவிட நினைத்த படம் அது. வழிகாட்டி சொன்ன பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறையத் தெரிந்தவர்கள்தான். ஆனால் பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னால் படத்தில் நீங்களே அடையாளத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற விதிகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜனவரிக்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நவம்பரில் எண்ணிக்கை இடிக்கும்போது விதி தானாக வளைந்துகொடுக்கும். என் விதிகள் இவை. ஷட்டரை அழுத்தியது நானாக இருக்க வேண்டும், பக்கத்து சீட்டில் மகன் எடுத்தது அவன் கணக்கு. உயிரோடு, சுதந்திரமாகத் திரிகிற பறவை. குரல் மட்டும் கேட்டது வேறு பட்டியல். எல்லை முக்கியம்: க்ரூகர் மட்டுமா, தென்னாப்பிரிக்கா முழுவதுமா, ஆப்பிரிக்கா முழுவதுமா என்பதை முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு க்ரூகர் மட்டும் என்பதே போதும் என்பேன். அங்கே மட்டும் 500-க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன, ஒரு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை.

தேதி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் வாங்கி வந்த கேமராவா? உள்ளே கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். தென்னாப்பிரிக்கா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். டிசம்பர் 31 இரவு 8.45-க்கு முகாமுக்குள் மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்காப்ஸ் ஆந்தையை எடுக்கிறீர்கள், கோப்பில் ஜனவரி 1, 12.15 என்று பதிவாகும், பறவை அடுத்த வருடக் கணக்குக்குப் போய்விடும். பறவை இருந்த இடத்தின் நேரம்தான் கணக்கு. கென்யா, டான்சானியா பக்கம் போனால் வித்தியாசம் இரண்டரை மணி. ஒவ்வொரு பயணத்திலும் முதல் படமாக உங்கள் போனில் ஓடும் கடிகாரத்தையே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேரம் தப்பாக இருந்தது தெரிந்தாலும் எவ்வளவு தப்பு என்பது அந்தப் படத்திலேயே இருக்கும், எல்லாவற்றையும் மொத்தமாகத் திருத்திவிடலாம்.

இடமும் அப்படித்தான். க்ரூகர் என்று மட்டும் எழுதினால் அது ஏறக்குறைய இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் காடு, வடக்கே பாஃபூரியில் கிடைக்கிற பறவை வேறு, தெற்கே கிடைப்பது வேறு. சாலை எண்ணையாவது எழுதுங்கள். 'ஸ்குகூஸா - லோயர் சாபி, எச் 4-1, சன்செட் டேம்' என்று இருந்தால் மூன்று வருடம் கழித்தும் காட்சி கண்முன் வரும். கேமராவில் ஜி.பி.எஸ். இல்லையென்றால் நிறுத்துகிற இடத்தில் போனில் ஒரு படம் தட்டிவிடுங்கள், அதில் இடம் பதிவாகிவிடும். ஆனால் காண்டாமிருகம் இருக்கிற படத்தை வெளியே போடும்போது இந்த இடக்குறிப்பைக் கட்டாயம் நீக்கிவிட வேண்டும், வேட்டைக்காரர்களுக்கு நாமே வழிகாட்டின மாதிரி ஆகிவிடும். கழுகு, பாறு கூடுகளுக்கும் இதே கதைதான்.

எதில் எழுதுவது? இதை நிறையப் பேர் பெரிதாக யோசிக்கிறார்கள். ஒரு எக்செல் தாள் போதும், கூகுள் ஷீட் என்றால் போனிலும் திறக்கலாம். வரிசை எண், பெயர், அறிவியல் பெயர், தேதி, இடம், கோப்பு எண், கடைசியாக 'எதை வைத்துச் சொல்கிறேன்' என்று ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்திதான் என் பட்டியலின் உயிர். உதாரணமாக, கறுப்பு முகமூடி போட்ட மஞ்சள் தூக்கணாங்குருவிகள் அங்கே இரண்டு மூன்று வகை உண்டு. 'கண் வெளுப்பு, கால் நீலச்சாம்பல், ஆகவே லெஸ்ஸர் மாஸ்க்ட்' என்று அன்றைக்கே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். சதர்ன் மாஸ்க்ட் வகைக்கும் வில்லேஜ் வீவருக்கும் கண் சிவப்பு. எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் அதே படத்தை வைத்துக்கொண்டு அதே சந்தேகத்தில் மறுபடி அரைமணி நேரம் போகும்.

ஒவ்வொரு இனத்துக்கும் அந்த வருடத்தின் முதல் சாட்சிப் படத்தைத் தனி ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். பெயரை 2027_087_லைலாக் பிரெஸ்டட் ரோலர் என்கிற பாணியில் கொடுங்கள். 87 என்று எழுதாமல் 087 என்று எழுதுவது சின்ன விஷயம், ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் பல மென்பொருள்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நல்ல படம் கிடைத்தால் 087_2 என்று பக்கத்தில் சேருங்கள், முதல் படத்தை மாற்றாதீர்கள், தேதி அதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அன்றன்று சாயந்திரமே, இறைச்சி சுட நெருப்பு மூட்டி அது கங்காகும் வரை காத்திருக்கிறீர்களே, அந்த நேரத்தில் முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவைதான் இப்போது உங்கள் ஹார்ட் டிஸ்கில் பெயரில்லாமல் கிடக்கின்றன. இன்னொன்று, காட்டில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள்.

ஈ-பேர்டு என்கிற பறவைப் பதிவுத் தளத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது, இலவசம், வருடப் பட்டியலைத் தானே கணக்குப் போட்டுவிடும், பட்டியலோடு படத்தையும் ஏற்றலாம். தென்னாப்பிரிக்காவில் இருப்பதால் பேர்ட்லாசர் செயலியையும் பாருங்கள். 2007 முதல் நடக்கிற தெற்கு ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்கு அதன் மூலம் நம் பதிவுகளை அனுப்பலாம். இருந்தாலும் எக்செல் தாளை விட்டுவிடாதீர்கள், படக்கணக்கு உங்கள் சொந்தக் கணக்கு.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்த விஷயம். இனங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நடந்துகொண்டே இருக்கும், ஈ-பேர்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயர்ப் பட்டியலைப் புதுப்பிக்கிறது. 2024-ல் என்ன செய்தார்கள் தெரியுமா, நம் வயலில் மாட்டுக்குப் பின்னாலேயே நடக்குமே உண்ணிக்கொக்கு, அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். க்ரூகரில் யானைக் காலடியில் திரிவது மேற்கத்திய உண்ணிக்கொக்கு, தஞ்சாவூர் வயலில் இருப்பது கிழக்கத்தியது. கிழக்கத்தியதின் அறிவியல் பெயரில் 'கோரமண்டா' என்று வரும், நம் சோழமண்டலக் கடற்கரைதான் அது. இரண்டு ஊரிலும் படம் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு இனம் கூடிவிட்டது. நெருப்புக்கோழியும் அப்படித்தான், வட கென்யாவில் சம்புரு பக்கம் இருக்கிற நீலக்கழுத்து வகை இப்போது சோமாலி நெருப்புக்கோழி என்று தனி இனம், மசாய் மாராவில் இருப்பது இளஞ்சிவப்புக் கழுத்து. 2025-ல் ஆவிலிஸ்ட் என்று உலகத்துக்கே ஒரு பொதுப் பட்டியல், 11,131 இனங்களோடு வந்திருக்கிறது. நீங்கள் எந்தப் பட்டியலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வருடம் முழுவதும் அந்த ஒன்றுதான், எந்த வருடத்துப் பதிப்பு என்பதைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

பயணங்களை எப்போது வைத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எண்ணிக்கை அதில்தான் இருக்கிறது. ஜூலையில் புதர்கள் காய்ந்து காடு திறந்திருக்கும், தண்ணீரைத் தேடி எல்லாம் ஒரே இடத்துக்கு வரும், விலங்கு பார்க்க அருமையான நேரம். ஆனால் அப்போது வலசைப் பறவைகள் இருக்காது, தூக்கணாங்குருவி, பிஷப் வகைகளின் ஆண்களும் கல்யாண உடுப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டைகளைப் போலவே மங்கிப் போயிருக்கும். உட்லேண்ட் மீன்கொத்தி நவம்பர் வாக்கில் வந்து ஏப்ரலில் போய்விடும். ஐரோப்பியப் பனங்காடை, ஐரோப்பியப் பஞ்சுருட்டான், தகைவிலான், அமூர் வல்லூறு எல்லாம் கோடைக்கால விருந்தாளிகள், அங்கே கோடை என்றால் டிசம்பரை ஒட்டிய மாதங்கள். அமூர் வல்லூறு வழியில் நாகாலாந்தில் தங்கிவிட்டு அரபிக்கடலைத் தாண்டி வருகிற பறவை. காலண்டர் வருடத்தில் ஒரு வசதி, அந்தக் கோடை இரண்டு துண்டாக, வருடத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் விழுகிறது. பிப்ரவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, பிப்ரவரியில் தவறியதைப் பிடிக்க நவம்பர் கடைசியில் ஒரு தடவை போனால் நன்றாக இருக்கும்.

சில பறவைகளைப் படத்தை வைத்துத் தீர்மானிப்பது ரொம்பக் கஷ்டம், அதை ஏற்றுக்கொண்டுவிடுங்கள். சிஸ்டிகோலா என்று பழுப்புக் கோடு போட்ட சின்னக் கதிர்க்குருவிகள், வானம்பாடிகள், நெட்டைக்காலிகள். சிஸ்டிகோலாக்களைக் குரலை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள், அதனால்தான் ஆங்கிலத்தில் அவற்றின் பெயர்களே ராட்லிங், வெய்லிங் என்று ஒலியை வைத்து இருக்கின்றன. அது பாடும்போது போனில் பதிவு செய்துவிட்டு, கோப்பு எண்ணை அந்த வரியில் சேருங்கள். மெர்லின் செயலியில் படத்தைக் கொடுத்தால் ஒரு பெயர் சொல்லும், நல்ல தொடக்கம்தான், ஆனால் இந்த மாதிரிக் குருவிகளுக்கு அதன் தீர்ப்பை முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தெரியாததைக் கேள்விக்குறியோடு தாளின் அடியில் போட்டு வையுங்கள். எப்போது அடையாளம் தெரிந்தாலும், படம் எடுத்த வருடத்தில்தான் அது சேரும்.

பழைய படங்களை நாலைந்து நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார வேண்டாம், வெறுத்துப் போய்விடும். பயணம் இல்லாத மாதங்களில் தினம் பதினைந்து நிமிடம், ஒரு பயணத்தை எடுத்தால் அதை முடித்துவிட்டு அடுத்தது. அவை புது வருடப் பட்டியலில் சேராது, அந்தந்த வருடத்துக்குத் தனித் தாள். பறவைப் படங்களை விட்டுவிட்டு முதலில் உங்கள் எருமை, ஒட்டகச்சிவிங்கிப் படங்களைத் திறங்கள். முதுகிலும் கழுத்திலும் உண்ணி பிடுங்கிக்கொண்டு ஆக்ஸ்பெக்கர் என்கிற பறவை ஒட்டிக்கொண்டிருக்கும், எடுக்கும்போது நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகு முழுக்கச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் சிவப்பலகு ஆக்ஸ்பெக்கர், அதுதான் எங்கும் அதிகம். அலகின் அடிப்பாகம் மஞ்சளாக இருந்து நுனி மட்டும் சிவப்பாக இருந்தால் அது மஞ்சளலகு வகை, அந்தப் படத்துக்கு உடனே இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.