பையனுக்கு என்ன வேணும்னு யார் முடிவு பண்றது?

கேள்வி: தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இருக்கோம், சொந்த ஊர் திருநெல்வேலி. பையனுக்கு 19 வயசு, செரிபிரல் பால்சி (மூளை வாதம்), பேச்சு தெளிவா வராது ஆனா புத்தி நல்ல தெளிவு. ஒரு டிரஸ்ட்ல இருந்து வந்து கார்டு எல்லாம் எடுத்துக் குடுத்தாங்க, மறக்க மாட்டேன். இப்போ எங்கள கேக்காமலே மெழுகுவத்தி செய்யுற சென்டர்ல அவன் பேர எழுதிட்டாங்க, அவனுக்கு மாமா மொபைல் கடையில உக்காரணும்னு ஆசை. லண்டன்ல இருக்குற தங்கச்சி, அங்க கவர்மென்ட் காச நம்ம கையிலயே குடுத்து ஆள் வச்சிக்கச் சொல்லுதுங்கறா. இங்க உண்டா? வேணாம்னா டிரஸ்ட்டுக்காரங்க கோவிச்சுப்பாங்களா?
- ஒரு வாசகி, தாராவி

பதில்: அக்கா, உங்க தங்கச்சி சொல்றது நெசம்தான், ஆனா அது அங்க சும்மா வந்துடல. அந்த நாட்டு 1948 சட்டப்படி கவுன்சில், அதாவது நம்ம மாநகராட்சி மாதிரி, மாற்றுத்திறனாளி கையில காசு குடுக்கவே கூடாதுன்னு இருந்துச்சு. 1979-ல ஹாம்ப்ஷயர்ல லே கோர்ட்னு ஒரு ஹோம், நடத்துனது ஒரு தொண்டு நிறுவனம், அதுல இருந்த சில பேரு எங்களுக்கு இங்க ஆகுற செலவ எங்ககிட்ட குடுங்க, வெளிய வீடு எடுத்து எங்களுக்குப் பிடிச்ச ஆள வச்சு வாழ்றோம்னு கெளம்பிட்டாங்க. பிராஜெக்ட் 81-னு பேரு. நேரா குடுக்க வழியில்லாததால கவுன்சில் பணம் அந்த ஹோம் வழியாவே அவங்களுக்குப் போச்சு, அதாவது யார விட்டுட்டு வெளிய போறாங்களோ அவங்களே பாலமா நின்னாங்க, எனக்கு இதுல பிடிச்ச இடமே அதுதான். அப்புறம் 1996-ல நேரா காசு குடுக்க சட்டம் வந்துச்சு, 2014 கேர் ஆக்ட்ல தனிநபர் பட்ஜெட், அதாவது ஒருத்தரோட உதவிக்குன்னு ஒதுக்குற தொகை, உரிமையாவே ஆயிடுச்சு.

அந்த மாதிரி கணக்குப் போட்டு கையில குடுக்குற சட்டம் நம்ம நாட்டுல இல்லக்கா. ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 38-வது பிரிவு இருக்கு, குறைபாடு 40 சதவீதம் அதுக்கு மேல இருந்து, எனக்கு அதிக உதவி வேணும்னு நெனைக்கிறவர் தானே மனு குடுக்கலாம், இல்ல அவருக்காக ஒரு ஆளோ அமைப்போ குடுக்கலாம், அசெஸ்மென்ட் போர்டு பாத்து சொல்லும். டிரஸ்ட்டுக்கு எடம் அங்கதான் இருக்கு, "அவருக்காக". அவருக்குப் பதிலா இல்ல.

சயான் பக்கம் ஒரு வீட்டுல நான் பாத்தத சொல்றேன். கேம்ப்ல ஒரே சைஸ்ல குடுத்த வீல்சேர் சந்துக்குள்ளயே நுழையல, மடிச்சு பரண்ல கிடந்துச்சு. வந்த டிரஸ்ட் பொண்ணு மொதல்ல இன்ச் டேப் எடுத்து வாசல அளந்துச்சு, அப்புறம் தரையில உக்காந்து எழுத்து அட்டைய பையன் மடியில வச்சு என்ன வேணும்னு கேட்டுட்டு சும்மா இருந்துச்சு. அம்மா நடுவுல பதில் சொல்ல வந்தாங்க, கைய மட்டும் லேசா காட்டி நிறுத்துச்சு. பத்து நிமிஷம் ஆச்சு அவன் விரல் நகர்ந்து முடிக்க. வீட்டுக்குள்ள இல்ல, "பஸ்" ஏறணும்னு காட்டுனான். ஃபார்ம்ல எழுதப்போறது அதோட மாறிடுச்சு. கவர்மென்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்குறவருக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காது, வெளிய நூறு பேர் நிக்கறாங்க, டிரஸ்ட்டுக்கு கிடைக்கும். அத குடுக்காம சென்டர்ல சீட் ரொப்புறது சரியில்ல, நான் வெளிப்படையாவே சொல்றேன்.

கோவிச்சுப்பாங்களான்னு பயப்படாதீங்க, உங்க பையனுக்கு 18 தாண்டிடுச்சு, அவன் சம்மதம் இல்லாம எழுதினது நிக்கக்கூடாது. அடுத்த தடவ அவங்க வர்றப்போ நீங்களோ மாமாவோ பேசாம அவனையே சொல்ல விடுங்க, எவ்ளோ நேரம் ஆனாலும். கடை வாசல்ல படி எத்தன, மேஜை எவ்ளோ உயரம்னு அளந்து வச்சிட்டு, இதுக்கு உதவி பண்ணுங்கன்னு அதே டிரஸ்ட்டுகிட்டயே கேளுங்க. கூடவே மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரைக்கும் கவர் ஆகுற நிராமயா இன்சூரன்ஸ்ல அவன் பேரு இருக்கான்னு பாத்துக்குங்க, செரிபிரல் பால்சிக்கு உண்டு.