ஒரே ரோலில் பத்து வெட்டு: டி-சோதனைக்கு முன் வந்த கேள்விகள்

180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி ஆர்டர். ஒரு ரோலில் பத்து இடத்தில் வட்டக் கட்டர் போட்டு எடை பார்த்தேன். ஒற்றை மாதிரி டி-சோதனைக்கு (சராசரி 180-இலிருந்து உண்மையிலேயே விலகுகிறதா என்று பார்ப்பது) இது போதுமுங்களா? (திருப்பூர்)

அந்த ஒரு ரோலைப் பற்றிச் சொல்லப் போதும்; லாட்டைப் பற்றிச் சொல்லப் போதாது. ஒரே மெஷினில், ஒரே செட்டிங்கில் ஓடிய துணி என்பதால் பத்து வெட்டும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். திட்டவிலக்கம் (அளவுகளின் சிதறல்) சிறுத்து, அதை வைத்துக் கணக்கிடும் டி மதிப்பு பொய்யாக ஊதிவிடும். ரோல்களுக்கு எண் போட்டுக் குலுக்கிப் பத்து எடுங்கள். ரோலுக்கு ஒரு வெட்டு, ஓரத்தை விட்டு உள்ளே. ஒரு ரோலில் மூன்று வெட்டினால், மூன்றின் சராசரியை ஒரே எண்ணாக வையுங்கள்.

சூடு ஆறாத துணியை எடை போடாதீர்கள். பருத்தி காற்றின் ஈரத்தை இழுக்கும் முன் எடை குறைத்தே காட்டும். எல்லா அளவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அதை எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது.

பத்தில் ஒன்று மட்டும் 203. தூக்கிவிடலாமா? (அவிநாசி)

நீங்கள் அனுப்பிய மற்ற ஒன்பது: 178, 176, 181, 177, 175, 179, 174, 180, 177. 203-ஐச் சேர்த்தால் சராசரி சரியாக 180, டி பூஜ்யம். துணி ஆர்டர்படி சரி என்று அர்த்தமாகும். விட்டுவிட்டால் சராசரி 177.4, டி ஏறக்குறைய −3.34, அட்டவணை எல்லை 2.306-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரே எண் தீர்ப்பையே புரட்டுகிறது. எனவே முதலில் அந்த வட்டத்தை மறுபடி தராசில் வையுங்கள். வெட்டிய இடத்தில் மடிப்போ தையல் இணைப்போ இருந்ததா பாருங்கள். தவறு தெரிந்தால் அதே ரோலில் புதிதாக வெட்டுங்கள். தவறே இல்லை, ரோலே 203 என்றால் நீக்க உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டு முடிவையும் எழுதிக் கொடுங்கள், கூடுதல் ரோல்களையும் சோதியுங்கள்.

30 எண்ணிக்கை வந்தால் இயல்நிலைப் பரவலை (மணி வடிவம்) பார்க்கவே வேண்டாமுங்களா? ஒரு ட்ரே முட்டை 30 இருக்கிறதே. (நாமக்கல்)

30 என்பது மந்திர எண் அல்ல. பரவல் ஓரளவு சமச்சீராக இருந்தால் 15-கூடப் போதும். ஒருபக்கம் நீண்ட வால் இருந்தால் 30-உம் பற்றாது. பெரிய மாதிரி சராசரியின் பரவலைத்தான் சீராக்கும். மாதிரி எடுத்த விதத்தைச் சீராக்காது. ஒரு ட்ரே என்றால் ஒரே கொட்டகை, ஒரே வயதுக் கோழிகள். இளங்கோழி முட்டை சிறிது. முட்டை எடை வயதோடு கூடும். கொட்டகைதோறும் குலுக்கி எடுங்கள். பிறகு எடைகளை ஒரு கோட்டில் புள்ளிகளாகப் போட்டுக் கண்ணால் பாருங்கள். இயல்நிலையைச் சோதிக்கும் ஷபிரோ-வில்க் சோதனையை மட்டும் நம்பினால், எட்டு முட்டையில் அது எதையும் பிடிக்காது, ஐந்நூறில் அற்பக் கோணலுக்கும் கூச்சல் போடும்.

60 மோட்டாரில் 12 சோதித்தோம். மாதிரி மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி மீறலா? (கோவை)

மீறல்தான், ஆனால் ஆபத்தில்லாத பக்கம்: திட்டப்பிழை (சராசரியின் தடுமாற்றம்) உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அதை (60−12)/(60−1), அதாவது 48/59-இன் வர்க்கமூலத்தால், அதாவது 0.90-ஆல் பெருக்குங்கள்.

மஞ்சள் ஏல விலை, தொடர்ந்து 20 நாள். சராசரியைச் சோதிக்கலாமுங்களா? (ஈரோடு)

கூடாது. நேற்றைய விலைதான் இன்றைய விலையை இழுக்கிறது. 20 எண் இருந்தாலும் தகவல் அவ்வளவு இல்லை. ஒரே நாளில் விரலி மஞ்சள் குவியல்களைப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்தால் சோதிக்கலாம், அந்த ஒரு நாளுக்கு மட்டும்.