தங்கச்சிமடம் பக்கம் வங்கிக்கு எப்போது போனாலும் "சிஸ்டம் பழசு, பாஸ்புக் அடிக்க முடியாது" என்கிறார்களே, இதையெல்லாம் மாற்றவே மாட்டார்களா?

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வரிசையில் நின்று, வெறும் பாஸ்புக்கோடு திரும்பியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வங்கிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். பழசு என்பதாலேயே எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியாது.

கணக்கு எழுதும் மென்பொருள் பழசாக இருந்தால் பெரிய குற்றமில்லை. 1959-ல் பிறந்த கோபால் (COBOL) என்ற கணினி நிரல் மொழி வெளிநாட்டுப் பெரிய வங்கிகள் பலவற்றில் இன்றும் ஓடுகிறது. பைசாவைப் பதின்ம எண்ணாகவே வைத்துக் கூட்டும் என்பதால் வட்டிக் கணக்கில் சில்லறை பிசகாது. அவசரப்பட்டு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியே சாட்சி. 2018 ஏப்ரலில் புது சிஸ்டத்துக்கு மாறியபோது லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் அபராதம் மட்டும் 4.8 கோடி பவுண்டுக்கு மேல்.

உங்கள் கிளையில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் பிரிண்டர்தான். தைத்த புத்தகம் லேசர் பிரிண்டரின் சூடான உருளைக்குள் நுழையாது. அதனால்தான் இன்னும் 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ், அதாவது மை ரிப்பன்மேல் ஊசியால் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்தை அடிக்கும் பிரிண்டர். உப்புக்காற்றுக்கு அது ஆகாது. எழுத்தின் குறுக்கே ஒரே மட்டத்தில் வெள்ளைக்கோடு விழுந்தால் ஊசிகள் இருக்கும் ஹெட்டில் ஏதோ ஊசி துருவேறி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ரிப்பன் மாற்றிப் பயனில்லை, ஹெட்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். மொத்தமும் மங்கலாக இருந்தால் ரிப்பன் காய்ந்துவிட்டது. வரி கோணினால் உருளையில் பிசுக்கு, அல்லது உங்கள் பாஸ்புக்கே ஈரத்தில் நெளிந்திருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். கடைசியாக எந்த வரி வரை அடித்தோம் என்று சிஸ்டம் குறித்து வைத்திருக்கும். நடுவில் தாள் சிக்கினாலும் 'அடித்தாயிற்று' என்று பதிந்துவிடலாம். அடுத்த முறை அந்த வரிகள் வராது. விட்டுப்போன தேதியைச் சொல்லி, அதிலிருந்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். தானியங்கி இயந்திரம் புத்தகத்தைத் துப்பினால் பின்னட்டை பார்கோடு மடிந்திருக்கிறதா பாருங்கள். புது ஸ்டிக்கர் கேட்டால் ஒட்டித் தருவார்கள்.

பழைய பாண்டியன் கிராம வங்கி பாஸ்புக் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ஐஎஃப்எஸ்சி-யை (பணம் அனுப்பக் கேட்கும் வங்கிக் கிளைக் குறியீடு) எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1-ல் அது பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது.

நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரிண்டரை விடுங்கள், இந்தப் பெயர் விவகாரத்தை எவனும் சரிசெய்வதில்லை. அந்தோணிக்கு ஆங்கிலத்தில் 'எச்' உண்டா இல்லையா, அப்பா பெயரின் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் ஆதார் ஒரு மாதிரி, வங்கி ஒரு மாதிரி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்கு ஒரே அந்தோணி இரண்டு ஆட்கள். ஏப்ரல் 15-ல் தடை தொடங்கிய பிறகு ஓடாதீர்கள். மார்ச்சிலேயே ஆதார் நகலோடு போய்ப் பெயர்த் திருத்தம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள்.