சம்பளம் எட்டாவது வரியில்

கேள்வி: தொழிற்சங்கம் என்றால் சம்பளம், போனஸ் கேட்பதோடு நிற்க வேண்டாமா? ஜனநாயகம், ஆட்சி மாற்றம் எல்லாம் அவர்களுக்கு எதற்கு?
– ஈரோடு வாசகர் ஒருவர்

பதில்: சம்பளத்தோடு நிற்கத்தான் போலந்தில் பார்த்தார்கள். 1980 ஆகஸ்ட். கதான்ஸ்க் நகரில் லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் தளம். அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டுநரை, ஓய்வு பெற ஐந்தே மாதம் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினார்கள். அரசு நடத்திய சங்கத்தை நம்பாமல் தனிச் சங்கம் கட்ட முனைந்தவர் அவர். 14ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில்தான் இந்தக் கூத்து!

மூன்றாம் நாளே நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பள உயர்வு உண்டு, அன்னாவுக்கு வேலையும் உண்டு. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய லெக் வாலேசா, போராட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆட்கள் வாசலை நோக்கி நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் கேட்பது அதுதானே?

அவர்களை மறித்தவர்கள் பெண்கள். அன்னா, நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, டிராம் ஓட்டுநர் ஹென்றிகா கிஷிவோனோஸ். பெரிய தளம் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டால், கூடவே வேலையை நிறுத்திய சின்னச் சின்ன ஆலைகளையும் டிராம்காரர்களையும் அரசு நசுக்கிவிடும் என்று மன்றாடினார்கள். கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. அடுத்து எழுதிய 21 கோரிக்கைகளில் முதலாவது, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடி இல்லாத சுதந்திரச் சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்த உரிமை. மூன்றாவது, பேச்சு, பத்திரிகைச் சுதந்திரம். சம்பளம் எட்டாவது வரியில்தான் வருகிறது.

ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. பிறந்த சங்கத்தின் பெயர் சாலிடாரிட்டி. ஓராண்டுக்குள் சுமார் ஒரு கோடி உறுப்பினர்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது, வூயெக் சுரங்கத்தில் 9 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அடுத்த ஆண்டு சங்கமும் தடை செய்யப்பட்டது. ஆனாலும் 1988இல் மறுபடி வேலைநிறுத்தங்கள் வெடித்தபோது, அரசு பேச்சுக்கு அழைத்தது இந்தச் சங்கத்தைத்தான். 1989 ஜூன் தேர்தலில் மேலவையின் 100 இடங்களில் 99 சங்கத்தின் பக்கம் போயின.

இதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சாலிடாரிட்டி வழிவந்த அரசே மானியங்களை வெட்டியது. அந்தக் கப்பல் தளம் 1996இல் திவாலானது. 1990இல் அதிபரான வாலேசா, 2000இல் மீண்டும் போட்டியிட்டபோது வாங்கிய வாக்கு சுமார் 1 சதவீதம்.